சாப்பாடு இல்லாத பயணம்

பின்னேரம் நாலு மணி, ஒன்பது பேர், நடுவில் விஜயகலா டீச்சர்.

நிவித்திகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கூட்டம். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை உடவளவை வனப் பூங்காவுக்குப் போய்க் காட்டு யானைகளைப் படம் எடுப்பதாகத் திட்டம். பாடசாலைக் கலண்டரில் யானைப் படம் வரும் என்று பிள்ளைகளுக்கு டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வேன்காரர் லாபிர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"விடிய அஞ்சு மணிக்குக் கிளம்புறோம். வீட்டிலேயே சாப்பிட்டுட்டு வந்துருங்க. திரும்பி வர்ற வரைக்கும் சாப்பாடு கிடையாது," என்றார் டீச்சர்.

"வெளையாடுறீங்களா டீச்சர்?" என்றான் கிருஷாந்த். தோட்டத்து ஒஃபிஸ் கிளாக்கர். தூரத்து யானையைப் பக்கத்தில் காட்டும் நீட்டு லென்ஸ் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

"சாப்பாட்டு வாசத்துக்கு யானை கிட்ட வந்துரும்."

"வரணும்னுதானே போறோம்!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சாப்பிட்டா கண்ணைச் சொக்கும்," டீச்சர் காரணத்தை மாற்றினார்.

"சமைக்க அலுப்புன்னு சொல்லிட்டுப் போங்களேன்," என்றார் டீச்சரின் பக்கத்து வீட்டு ஜீவராணி. "நான் சோத்துப் பார்சல் கட்டித் தர்றேன்."

"வேணாம்."

"ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம்?" என்று பேரம் பேசினார் ஃபெக்டரி ஏழுமலை.

"வேணாம் அண்ணே."

"ஜெயில்லகூட மூணு வேளை போடுறான்," கிருஷாந்த் எழுந்தான். "நான் வரல. லென்ஸும் வராது."

டீச்சரின் முகம் வாடியது. அந்த லென்ஸ் இல்லாவிட்டால் கலண்டரில் யானை எறும்பு போலத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? ஆனாலும் இறங்கி வரவில்லை.

"உங்க இஷ்டம் தம்பி. சாப்பாடு கிடையாது."

"பெரிய பிடிவாதக்காரி," என்று ஜீவராணி முணுமுணுத்தார். பிறகு கிருஷாந்தின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஒரு நாள்தானே? உன் தொப்பைக்கும் நல்லது."

அவன் முறைத்தபடியே ஒத்துக்கொண்டான்.

2005 ஒக்டோபர் 15, சனிக்கிழமை. யானைகள் ஏமாற்றவில்லை. தாயின் கால்களுக்கு நடுவே ஒளிந்து விளையாடிய குட்டியைக் கிருஷாந்த் படம் படமாக எடுத்துத் தள்ளினான். பகல் பூங்கா ஜீப்பை விட்டு இறங்கியபோது எல்லோருக்கும் வாயெல்லாம் பல். வயிறு மட்டும் காலி.

லாபிர் வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய சட்டி, ஆவி பறக்கப் புரியாணி.

"லாபிர் நானா, ஏது இது?" கிருஷாந்த் வாயைப் பிளந்தான்.

"எம்பிலிப்பிட்டியில என் தங்கச்சி பளீலா ஆக்கினது. நீங்க உள்ள போன நேரம் போய் எடுத்துட்டு வந்தேன். நோன்போட ஆக்கினதால ருசி பாக்கல. உப்பு முன்னப் பின்ன இருந்தா மன்னிச்சிருங்க."

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்கும் நோன்பு தம்பி. என் முன்னால சாப்பிடக் கூடாதுன்னுதானே டீச்சர் உங்க எல்லாரையும் பட்டினி போட்டாங்க."

கிருஷாந்த் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

லாபிர் முதல் தட்டை டீச்சரிடம் நீட்டினார்.

"யோசிக்காம சாப்பிடுங்க டீச்சர். மரக்கறி மட்டும்தான். இன்னைக்கு உங்களுக்குப் புரட்டாசிச் சனியாமே, பளீலா விசாரிச்சுட்டுத்தான் அடுப்புப் பத்த வச்சா."