முதல் டேக்

கண்ணாடிக்கு அப்பால் கமலாட்சி அம்மாள் வசனத்தைப் பேசி முடித்துவிட்டு மைக் முன்னால் அப்படியே நின்றார்.

இந்தப் பக்கம், ஒலிப்பதிவு நாற்காலியில் இருந்த பெண் ஹெட்போனைக் கழற்றவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

திரையில் குரலுக்கு ஏறி இறங்க வேண்டிய கோடு நேராகக் கிடந்தது.

ரெக்கார்ட் பொத்தானை அழுத்தவே இல்லை.

சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டர். காலை பத்தரை மணி. எட்டு மாதமாக வயர் சுற்றவும் மைக் மாட்டவும் ஓடிக்கொண்டிருந்தவளை அன்றுதான் முதல்முறையாகத் தனியே உட்கார வைத்திருந்தார்கள். பெரிய இன்ஜினியருக்கு மஞ்சள் காமாலை. டப்பிங் பொறுப்பாளர் இன்பராஜ், அவளையே எடுக்கச் சொல்லிவிட்டு போன் பேச வெளியே போயிருந்தார்.

இரண்டே வரி. பிணவறையில் மகளை அடையாளம் காட்ட வந்த தாய் பேசுவது.

"இது எம்பொண்ணு இல்ல சார். அவ செருப்பில்லாம தெருவுல கால் வைக்கமாட்டா சார்."

கமலாட்சி அதை அழாமல் பேசியிருந்தார். கடையில் மாற்றிக் கொடுத்துவிட்ட பொருளைத் திருப்பித் தருபவரைப் போல. கடைசி வார்த்தை மட்டும் தொண்டையில் ஒரு கணம் நின்று, பிறகு வந்தது.

உலகத்தில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

உள்ளே இருப்பவரிடம் பேசும் பொத்தானை அழுத்தினாள். மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"அம்மா, 'ச' வர்ற எடத்துல லேசா விசிலடிக்குது. இன்னொண்ணு போயிரலாமா?"

கமலாட்சியின் கை வாய்க்குப் போனது.

முப்பது வருடத்துக்கும் மேலாகத் திரையில் வரும் அம்மாக்களுக்குக் குரல் கொடுப்பவர். மேல்வரிசைக்குப் பல் செட் கட்டி ஒரு வாரம்தான் ஆகிறதாம். வெளியே அவ்வளவு தெரிகிறதா என்று மெல்லக் கேட்டார்.

பல் செட் விஷயம் அவளுக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாள். இல்லையென்று சொல்ல அப்போதும் நேரமிருந்தது.

"லேசாத்தாம்மா."

இரண்டாவது முறை கமலாட்சி 'ச'வைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். மூன்றாவது முறை 'சார்' அடிபட்டு வந்தது. நான்காவதில் அந்தத் தாய் காணாமல் போய்விட்டாள். பல் செட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒரு பெண் மட்டும் மைக் முன்னால் நின்றாள்.

இன்பராஜ் உள்ளே வந்தார். என்ன தாமதம் என்றார்.

அவள் அதையே திரும்பவும் சொன்னாள்.

அவர் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். பதிவானதை ஓடவிட்டுக் கேட்டார். தலையசைத்தார்.

"ஆமா. விசில் இருக்கு. நல்ல காதும்மா ஒனக்கு."

பிற்பகலில் வேறொரு பெண்மணி வந்து அந்த இரண்டு வரியை அழுது பேசிவிட்டுப் போனார்.

அதற்கு முன்பே கமலாட்சி பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். கிளம்புமுன் அவளிடம் வந்தார். உன் நேரத்தையெல்லாம் வீணடித்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். சொல்லும்போது வாயைக் கையால் மறைத்திருந்தார்.

அடுத்த மாதம் அவளுக்கு அந்த நாற்காலி நிரந்தரமானது. ஊருக்குப் போன் செய்தாள். இந்த ஒலிப்பதிவுப் படிப்பே வேண்டாமென்று ஒரு வருடம் பேசாமலிருந்த அப்பா, தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம்.

கமலாட்சியை அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஒரு இயக்குநர் பெயர் சொல்லிக் கேட்டார். பல் செட் கட்டியதிலிருந்து சரியில்லை, எங்கள் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள் என்று இன்பராஜ் அவளைக் காட்டினார்.

இயக்குநர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அவளும் புன்னகைத்தாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தன் வாயைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை விருகம்பாக்கத்தில் விசாரித்து விசாரித்துப் போனாள். இரண்டாவது மாடி. கதவைத் திறந்த கமலாட்சிக்கு அவளைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். கையைப் பிடித்து உட்கார வைத்தார். செட்டை இரண்டு தடவை மாற்றிக் கட்டியாயிற்று என்றார். தினமும் செல்போனில் பேசிப் பதிவு செய்து கேட்பதாகவும், தனக்கு மட்டும் அந்த விசில் பிடிபடவே மாட்டேனென்கிறது என்றும் சொன்னார்.

"நீயே வந்துட்ட. நான் பேசறேன், கேட்டுச் சொல்லு கண்ணு."

அவர் தொண்டையைச் செருமினார்.

"விசிலே இல்லம்மா," என்றாள் அவள். "என்னிக்குமே இல்ல. நான் ரெக்கார்ட் போட மறந்துட்டேன்."

கமலாட்சி அவள் கையை விட்டார்.

திங்கட்கிழமை இன்பராஜிடமும் சொல்லிவிடுவதாக அவள் சொன்னாள். வேலை போனாலும் பரவாயில்லை என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே ஏதேதோ சொல்லிக்கொண்டு போனாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வர நெடுநேரமாயிற்று.

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"மொதல்ல பேசுனேனே," என்றார் கமலாட்சி. "அது நல்லாருந்துச்சா?"

அவள் தலையாட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லு."

அவள் சொன்னாள். எந்த வார்த்தை எப்படி வந்தது, எங்கே மூச்சு நின்றது, கேட்கும்போது தனக்கு என்ன ஆனது, எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தது. விடாமல் சொல்லி முடித்தாள்.

கமலாட்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு."