கடைசி மூச்சுக்கு மூன்றாவது டேக்

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளன் கையசைக்க, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை நெருங்குகிறாள். ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் ஒன்றில் ஐம்பத்திரண்டு வாரம் கதாநாயகனின் அம்மாவுக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் இவள்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகனை வளர்த்து, திட்டி, தாலாட்டி, அவன் போருக்குப் போன அன்று வாசலில் நின்று அழுதிருக்கிறாள். அதே கதையை இப்போது அனிமே சினிமாவாக எடுத்திருக்கிறார்கள். இதில் பையனை வளர்ப்பது மாமா. அம்மா முதல் காட்சியிலேயே செத்துப்போகிறாள். "வசனம் ஒண்ணுமே இல்லையா தம்பி?" "இல்லக்கா. கடைசி மூச்சு மட்டும்தான்." திரையில் அதே முகம், அதே நெற்றித் தழும்பு, பக்கத்தில் தொட்டில். அவள் மூச்சை விடுகிறாள். "உயிர் கொஞ்சம் கூடுதலா இருக்குக்கா. இன்னொரு தடவை." மறுபடியும் விடுகிறாள். "இன்னும் இருக்கு." தொண்டைக்கு இதமாகக் கொண்டுவந்த வெந்நீர் பிளாஸ்க் திறக்கப்படாமலே காலடியில் நிற்கிறது. மூன்றாவது முறைதான் கவனிக்கிறாள்; திரையில் தொட்டிலிலிருந்து குழந்தை திரும்பி அவளைப் பார்க்கிறது. இந்தப் படத்தில் அவள் யாரென்றே அதற்குத் தெரியப்போவதில்லை. நெஞ்சில் இருந்ததையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, திரும்ப இழுக்காமல் அப்படியே நிற்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரல் உயர்கிறது. "இப்ப சரியா இருக்குக்கா."