நீலனின் இடம்

"வாலுக்கென்ன, நன்னாத்தானே இருக்கு?" என்றார் வேம்பு.

மஞ்சள் மீனின் வாலில் பாதியைக் காணோம். மஹதியின் அப்பாவுக்கு நீல மீன் நீலன்தான் செல்லம். அது யாரைக் கடித்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நீலன் இரண்டு அங்குலம்தான். ஆனால் அடையாறு வீட்டுக் கூடத்திலிருந்த அந்த உப்புத் தண்ணீர்த் தொட்டி முழுவதும் அதன் அதிகாரம். நடுக் கல் அதனுடையது. மஞ்சள் இடது மூலையை விட்டோ, கோடு போட்ட இரண்டும் வலது ஓரத்தை விட்டோ நகர்ந்தால் பாய்ந்து வந்து கடிக்கும்.

வாராவாரம் பெசன்ட் நகரிலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவரும் பாலு குனிந்து பார்த்தான்.

"இன்னும் ரெண்டு நாளு வுட்டா மஞ்சளு காலி சார். எங்க ஹவுசிங் போர்டுல கொழாயாண்ட யாரையும் வுடாத ஒரு அண்ணாத்த கீறாரு, அவரு மாதிரிதான் இது. கல்லையெல்லாம் மாத்தி அடுக்கிட்டா எது தன் இடம்னு தெரியாம அடங்கிடும். மொதல்ல ஒரு வாரம் இது என்னாண்ட இருக்கட்டும், அப்பால திரும்ப வுடலாம்."

"கல்லுல கை வைக்காதே. அவ அடுக்கினது."

அம்மா போய் நான்கு வருடமாகிறது.

நாளை மறுநாள் மஹதி ஜெர்மனிக்குக் கிளம்புகிறாள். மூன்று வருட ஆராய்ச்சி. அப்பாவின் கண்ணுக்காக இரண்டு முறை தள்ளிப்போட்ட பயணம். பார்வை திரும்பாவிட்டால் போகவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள், வேம்பு தொட்டிக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எந்த மீன் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்றைக்கே டிக்கெட் எடுத்தாள். பேப்பர் மட்டும் இன்னும் அவள்தான் படித்துச் சொல்கிறாள். புதுக் கண்ணாடி வர வேண்டும் என்றார்.

தான் போன பிறகு மஞ்சள் செத்து மிதப்பதை அப்பா தனியாக இருந்து பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். அவர் குளிக்கப் போனதும் பாலுவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பாலு கெட்டிக்காரன். ஒரே வீச்சில் நீலனை வலையில் பிடித்துப் பக்கெட்டில் விட்டான். சத்தமில்லாமல் கற்களைத் தூக்கி இரண்டு ஓரங்களிலும் அடுக்கினான். நடுவில் மணல் மட்டும் மிஞ்சியது. மஞ்சள் சற்றுத் தயங்கிவிட்டு, தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முதல்முறையாக நீந்திப் போயிற்று.

வேம்பு தலையைத் துவட்டியபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாலு பக்கெட்டைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான். திட்டு விழட்டும், பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று மஹதி நின்றாள்.

அவர் உட்கார்ந்தபடியே தொட்டியின் விளிம்பைத் தடவி, அதன் கண்ணாடியின் நடுவில் விரலை வைத்தார்.

"பாரு, நீலன் சமர்த்தா கல்லு மேல நிக்கறான். நீ கவலைப்படாம கிளம்பு."