அப்பாவின் இனிஷியல்

மூன்றாவது கல்லூரியிலும் அதே கதைதான். விரிவுரையாளர் வேலைக்கு வந்த வே. பொன்மலரை வாசலிலேயே நிறுத்திவிட்டுச் சோதனை இயந்திரம் சிவந்து அறிவித்தது: "வேதநாயகம். மாணவியிடம் அத்துமீறிப் பதவி இழந்தவர். நுழைய அனுமதியில்லை."

"அது எங்க அப்பாங்க. எனக்கு அவரு வெறும் இனிஷியல்."

"மெஷினுக்கு இனிஷியலும் ஆளும் ஒண்ணுதாம்மா," என்றார் காவலர் சகாயம். "அம்மா பேரப் போட்டுப் பாருங்களேன்."

போட்டாள். 'பழைய பெயரை மறைக்கிறார்' என்று இன்னொரு குற்றமும் சேர்ந்துகொண்டது.

"பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்புக்குத்தான இதெல்லாம்," என்று சகாயம் சமாதானம் சொன்னார்.

மாணவியாக இருந்தபோது, தோழிக்கு நேர்ந்ததைப் பொறுக்கமாட்டாமல் அப்பாமீது புகார் கொடுத்தவளே பொன்மலர்தான். அதன் அடியில் இனிஷியலோடுதான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.