விறகா, பெல்லட்டா?

காலை ஏழரை.

"விறகடுப்புன்னா பகல்ல ஆள் வேணும். பெல்லட்னா மரத்தூளை அழுத்தின குச்சி, தானா விழுந்து எரியும். எது?" என்று கேட்டார் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு வைக்க வந்த லோரென்ஸ்.

"பெல்லட்தான். பகல்ல ரெண்டு பேருமே வேலைக்குப் போயிடுவோம்," என்றாள் இர்ம்கார்ட்.

காற்றுப் புகாத வீடு அது. ஆட்கள் விடும் மூச்சை அளந்து காற்றை மாற்றும் சுவர்க் கருவியின் பதிவுகளைப் பார்த்த லோரென்ஸ் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப தினமும் ஒன்பதுலேர்ந்து நாலு வரைக்கும் இங்க மூச்சு விடறது யாரு?"

ரொட்டிப் பொட்டலத்தோடு மரப்பட்டறைக்குக் கிளம்பிய கணவன் கெப்ஹார்ட்டை இர்ம்கார்ட் மறித்தாள்.

"யாரு கெப்ஹார்ட் அவ? சாவியும் குடுத்தாச்சா?"

"அவசரப்படாதீங்கம்மா. யாராவது பார்க்க வந்திருந்தா ரெண்டு பேர் மூச்சு காட்டும். இதுல என்னிக்கும் ஒருத்தர்தான்," என்றார் லோரென்ஸ்.

கெப்ஹார்ட் பொட்டலத்தை மேசைமேல் வைத்தான்.

"விறகடுப்பே வைங்க. வேலை போனதிலேர்ந்து பகல்ல நான் இங்கதான் இருக்கேன்."