பின்னால் வந்த சைக்கிள்

மணி அடிக்காமல், முந்திப் போகவும் முயலாமல், அந்தச் சைக்கிள் அரை மணி நேரமாகக் கனகாவின் பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஏரிக்கரை மேல் ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் கார்த்திகை மழையில் ததும்பி நின்ற தண்ணீர். மறுபக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் சம்பா வயல். கண்ணுக்கு எட்டிய வரை வேறு ஆள் இல்லை.

கனகா கிராம சேவிகா. உத்திரமேரூர் வட்டார அலுவலகத்தில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சர்க்கார் கொடுத்த லேடீஸ் சைக்கிளில் ஊர் ஊராக டூர் போவதுதான் வேலை. அன்று காலை மாகறல் கோயில் வாசலில் தாய்மார்களுக்குப் பால் பவுடர் கரைத்துக் காட்டினாள். மதியம் காவாந்தண்டலத்தில் புகையில்லாத அடுப்பு. வெளிச்சம் இருக்கும்போதே உத்திரமேரூர் போய்ச் சேர வேண்டும் என்று மூன்று மணிக்கே கிளம்பிவிட்டாள். கேரியரில் விதைப் பொட்டலங்களும் டூர் டைரியும் இருந்தன.

மதகு அருகே வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். அவனும் குறைத்தான்.

அழுத்தி மிதித்தாள். பின்னால் செயினின் கரகரப்பும் வேகம் பிடித்தது.

கடைசியில் இறங்கி, டயரைத் தொட்டுப் பார்ப்பதுபோல் குனிந்தாள். இருபதடி தள்ளி அவனும் இறங்கி நின்றான். கிட்டே வரவில்லை. பேசவில்லை. வந்து கையைப் பிடிக்கிறவனாக இருந்தால் கத்தலாம், கடிக்கலாம். சும்மா நிற்கிறவனை என்ன செய்வது?

முப்பது வயது இருக்கும். தலையில் துண்டு. புருவத்துக்கு மேல் காய்ந்தும் காயாத ஒரு வெட்டு.

மறுபடி ஏறி மிதித்தாள். முந்தானை செயின் பக்கம் பறந்தது. அதை இழுத்துச் செருகிக்கொள்ளக்கூடக் கையை எடுக்கத் துணிவில்லை. ஒரு கல் தட்டினால் போதும், வண்டியோடு ஏரிக்குள் போய்விடுவாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

கரை இறங்கும் இடத்தில் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. வழியில் இருக்கும் ஊர். தெருவில் மனிதர்கள் இருப்பார்கள். டீக்கடை பெஞ்சில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். போன தடவை எழுந்து நின்று வணக்கம் சொன்னவர்கள். அங்கே போய்விட்டால் பிழைத்தேன் என்று நினைத்தாள்.

முதல் வீட்டுக்குக் கூப்பிடு தூரம் இருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அம்மா, கொஞ்சம் நில்லுங்கம்மா.”

கனகா இறங்கினாள். காற்றடிக்கிற பம்பை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினாள். “கிட்ட வராதே” என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவன் வரவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அவளைத் தாண்டித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். முடிச்சு விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“எம்பேரு வேதகிரிம்மா. நெல்லு மில்லுல வேல, நாலு மணி ஷிப்டு. சேரி ஆளு சைக்கிளோட இந்தத் தெருவுல வரக் கூடாதுன்னு போன வாரம் இய்த்துப் போட்டு அடிச்சாங்கோ, டயரை அறுத்துட்டாங்கோ. அடுத்த வாட்டி கைய ஒடப்போம்னு சொல்லிக்கீறாங்கோ. ஏரி ரொம்பிச்சு, சுத்து வழி முழுகிப் பூடுச்சு. ஆபீசு அம்மா கூடப் போனா கை வெக்க மாட்டாங்கோன்னு வந்துகினு கீறேன். கரை மேலயே கேட்டிருப்பேன். வாய் வர்ல.”

கனகா பம்பைத் திரும்ப மாட்டினாள்.

“துண்டைத் தோள்ல போடுங்க” என்றாள். “என் பக்கத்துல ஓட்டிட்டு வாங்க. பின்னால வேண்டாம்.”

இருவரும் ஏறினார்கள். தெரு நீளமாக இருந்தது. நாலு மாதத்தில் அது இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. திண்ணைகளில் பேச்சு நின்றது. நெல் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படியே நிமிர்ந்து நின்றாள். கனகா விடாமல் மணி அடித்தாள்.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு வழியில் வந்து நின்றார். வணக்கம் சொன்னவர்களில் ஒருவர்தான்.

“அவன் யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?”

கனகா காலை ஊன்றினாள்.

“தெரியும்” என்றாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கேரியரில் இருந்த சர்க்கார் டைரியைப் பார்த்தார். பிறகு அரை அடி நகர்ந்தார். அந்த அரை அடியில் இரண்டு சைக்கிள்களும் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து போயின.

ஊர் முடிந்து புளியமரங்கள் தொடங்கிய இடத்தில்தான் கனகா மூச்சு விட்டாள். ஹேண்டில்பார் இன்னும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. வேதகிரி அதைக் கவனித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தான்.

“நீங்க எதுக்கும்மா பயப்படணும்? உங்கள யாரு இன்னா கேக்கப் போறாங்கோ?”

நாலு மாதமாக யாரும் கேட்கவில்லைதான். கேட்டுவிடுவார்களோ என்றுதான், திண்டிவனத்துப் பக்கம் ஒரு சேரியிலிருந்து அப்பா எழுதும் கடிதங்களைப் படித்த அன்றே அவள் அடுப்பில் போட்டுவிடுகிறாள்.