படகோட்டி கரை சேர்ந்தானா?

ஒரு வீட்டுச் சுவரில் பல்லி ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரி சமைக்கும்போது போனில் ஒலிப்புத்தகம் ஓடவிடுவாள். புயலில் சிக்கிய ஒரு படகோட்டியின் கதை அது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் போன் கெட்டுப்போனது. படகோட்டி கரை சேர்ந்தானா என்ற கவலையில் பல்லிக்கு இரையே இறங்கவில்லை.

அதே நாவலுக்குள் குடியிருந்த புத்தகப் பூச்சியிடமும், வீட்டுக்காரரின் இ-ரீடர் வெளிச்சத்தையே சுற்றிவந்த விட்டிலிடமும் போய்க் கேட்டது.

"காதால் கேட்பதெல்லாம் ஒரு வாசிப்பா, அண்ணே?" என்றது பூச்சி. "தாள் வாசனை மூக்கில் ஏற வேண்டாமா?"

"தாளை யார் சுமப்பது? என்னுடையதில் ஆயிரம் புத்தகம் இருக்கிறது" என்றது விட்டில்.

"இருக்கட்டும். அவன் கரை சேர்ந்தானா?"

"எழுத்தைப் பெரிதாக்கிக்கூடப் படிக்கலாம்" என்றது விட்டில்.

"அட்டையைத் தடவிப் பார்த்திருக்கிறாயா நீ?" என்று பூச்சி அதன்மேல் பாய்ந்தது.

பல்லி இன்னொரு முறை கேட்டுப் பார்த்தது. இரண்டுமே கதையைப் படிக்கவில்லை என்பது அதற்கு மெல்லப் புரிந்தது. விட்டிலை லபக்கென்று விழுங்கிவிட்டு, பூச்சியின் பக்கம் திரும்பியது.

"நீ சொல்லு, தம்பி."

"நாளைக்குச் சொல்கிறேன் அண்ணே" என்று பூச்சி புத்தகத்துக்குள் ஓடியது. அன்றைக்குத்தான் அது முதல்முறையாக ஒரு பக்கத்தைத் தின்னாமல் படித்தது.